இரண்டு அரசுகளும் நீக்கச் சொன்ன காட்சி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. பதினொரு பேர் வேலை செய்கிறோம். வெளிநாட்டு நிறுவனங்கள் தயாரிக்கும் கணினி விளையாட்டுகளை, அவை விற்பனைக்குப் போகுமுன் நாங்கள் விளையாடிப் பார்த்துப் பிழை சொல்ல வேண்டும். கதவு திறக்காவிட்டால் எழுத வேண்டும். ஆள் சுவருக்குள்ளால் நடந்துபோனால் எழுத வேண்டும். திருத்தி அனுப்பியதும் திரும்பவும் அதே கதவைத் திறந்து பார்க்க வேண்டும். நாற்பத்தேழு வயதுப் பெண் செய்கிற வேலையா இது என்று நீர்வேலியில் இருக்கும் என் கணவரின் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். முன்பு நான் ரியூசன் வகுப்பில் ஆங்கிலம் படிப்பித்தேன். பிள்ளைகள் வருவது குறைந்துபோன காலத்தில், ஆங்கிலம் எழுதத் தெரிந்த, ஒரே கதவை நாற்பது தடவை திறக்கச் சலிக்காத ஆள் தேவை என்று இந்த இடத்தில் கேட்டார்கள். வந்து சேர்ந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமான பிறகு அந்த விளையாட்டு வந்தது. முற்றுகைக்குள் அகப்பட்ட ஒரு நகரம். நகரத்துக்கும் பெயரில்லை, சுற்றி நிற்கும் படைக்கும் பெயரில்லை. விளையாடுபவரின் கையில் சுடுவதற்குத் துவக்கு இல்லை. அவர் ஒரு தாய். தண்ணீர் எடுக்க வேண்டும், உணவு தேட வேண்டும், ஷெல் விழும்போது பிள்ளைகளைப் பங்கர் குழிக்குள் இறக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதல் நாளே பத்துப் பிழை எழுதினேன். அவற்றில் ஒன்று பிழை என்று சொல்லக் கூடியதல்ல. அந்தத் தாய் பங்கரின் வாசலுக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். “வாசலுக்கு நேரே யாரும் உட்காரமாட்டார்கள். சிதறுதுண்டு அந்த வழியால்தான் வரும். ஒரு வளைவுக்கு அப்பால் உட்கார வேண்டும்” என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

எங்கள் குழுவின் பொறுப்பாளருக்கு முப்பது வயதிருக்கும். நான் அவரைத் தம்பி என்பேன், அவர் என்னை அக்கா என்பார். அடுத்த நாள் மத்தியானம் என் மேசைக்கு வந்து நின்றார்.

“அக்கா, உந்தப் பங்கர் விசயம் நீங்கள்தானே எழுதினது? அங்கை கேம் வடிவமைச்ச அம்மா உங்களோடை கதைக்கவேணுமாம்.”

“என்ன, பிழையா எழுதிப்போட்டனோ?”

“இல்லையக்கா. உங்களுக்கு உது எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறா.”

எப்படித் தெரியும் என்பதை என்னிடம் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. இங்கே எல்லோருக்கும் தெரிந்த விசயம். கேட்க என்ன இருக்கிறது? அந்தப் பெண்மணிக்கு என் வயதுதான். குளிர்நாடு ஒன்றிலிருந்து திரையில் வந்தார். தன் நாட்டில் ஒரு பங்கரைக்கூடத் தான் நேரில் கண்டதில்லை என்றார். எல்லாவற்றையும் படங்களில் பார்த்துச் செய்திருக்கிறார். பிறகு வாரத்தில் ஒரு நாள் அரை மணித்தியாலம் நாங்கள் கதைத்தோம். மண்மூட்டையை எப்படி அடுக்குவது, மழைக்குப் பங்கருக்குள் தண்ணீர் நின்றால் என்ன செய்வது, சவர்க்காரம் இல்லாமல் எதனால் உடுப்புத் தோய்ப்பது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். பழுதான பற்றறிகளை வெயிலில் காயப்போட்டால் இன்னும் கொஞ்ச நேரம் வானொலி கேட்கலாம் என்று நான் சொன்னபோது, எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் விளையாட்டில் அந்தத் தாய் கூரைத் தகரத்தில் நாலு பற்றறிகளைக் காயப்போட்டாள்.

பற்றறி என்றதும்தான் சின்னம்மாவின் கதை வந்தது.

எனக்குப் பதின்மூன்று வயது. வடக்குக்குப் பற்றறி கொண்டுவரக்கூடாது என்று அரசு தடை போட்டிருந்த காலம். சித்தப்பா கப்பலில் வேலை செய்தார். எங்கள் பக்கத்தில் தொலைபேசி வேலை செய்யாததால், அவரோடு கதைப்பதற்காகச் சின்னம்மா வவுனியாவுக்குப் போனார், துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு. ஐந்து நிமிடம் கதைப்பதற்கு ஆறு நாள் பயணம். திரும்பி வரும்போது சின்னம்மா பேக்கரியில் ஒரு றாத்தல் பாண் வாங்கினார். அதன் அடிப்பக்கத்தை வெட்டி, உள்ளே குடைந்து, புதுப் பற்றறி இரண்டை வைத்து, வெட்டிய துண்டாலேயே மூடினார். சோதனை வரிசையில் எனக்கு முன்னால் அவர் நின்றார். ஆமிக்காரன் இளம் ஆள். பையைத் திறந்தான், பாணை எடுத்தான், அமத்திப் பார்த்தான், இரண்டாகப் பிய்த்தான். அவன் சின்னம்மாவைப் பார்த்தான். பிறகு இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்துப் பைக்குள் வைத்து, போ என்று கையைக் காட்டினான்.

இதைத்தான் நான் திரையில் இருந்த பெண்மணிக்குச் சொன்னேன். முப்பது வருடங்களுக்கு மேல் இப்படித்தான் எனக்கு நினைவிருந்தது. அவர் அதைச் சேர்த்துவிட்டார். விளையாட்டின் நடுப்பகுதியில் தாய் பாணோடு வரிசையில் நிற்பாள். படையாள் பாணைப் பிய்ப்பான். விளையாடுபவர் எந்தப் பொத்தானையும் அமத்த முடியாது, பார்த்துக்கொண்டுதான் இருக்கலாம். படையாள் பாணைச் சேர்த்து வைத்துவிட்டுக் கையைக் காட்டுவான். அந்தக் காட்சியைச் சோதிக்கும் வேலையும் எனக்கே வந்தது. பிழை ஒன்றும் இருக்கவில்லை.

விளையாட்டு விற்பனைக்கு வந்து ஒரு வருடம் ஓடியது. ஓரளவுக்கு நன்றாகப் போனது என்றார்கள். பிறகு எங்கோ தொலைவில் இரண்டு நாடுகளுக்கிடையில் போர் தொடங்கியது. ஒரு நாடு மற்றதன் நகரங்களைச் சுற்றிவளைத்தது. பெயரில்லாமல் செய்த எங்கள் நகரத்தைப் பார்த்து, இது எங்களுடைய நகரம்தான் என்று ஒரு பக்கத்துச் சனம் எழுதியது. படையாட்களின் உடுப்பைப் பார்த்து, இது எங்களை இழிவுபடுத்துகிறது என்று மற்றப் பக்கம் எழுதியது. விளையாட்டைச் செய்யும்போது அந்தப் பெண்மணிக்கு இந்த இரண்டு நாடுகளும் மனதிலேயே இருக்கவில்லை. அதை யாருக்குச் சொல்லி நம்பவைப்பது?

தாக்கிய நாட்டின் அரசு, விளையாட்டைச் செய்த நிறுவனத்துக்கு முதலில் கடிதம் எழுதியது. சொன்னவற்றை நீக்காவிட்டால் அந்த நிறுவனத்தின் எல்லா விளையாட்டுகளையும் தன் நாட்டில் தடுத்துவிடும் என்றது. இரண்டு வாரம் கழித்துத் தாக்கப்பட்ட நாட்டின் அரசும் எழுதியது. அது மிரட்டவில்லை, மரியாதையாகக் கேட்டது. ஆனால் செத்துக்கொண்டிருப்பது அவர்களுடைய சனம். அந்த மரியாதைக்கு மாட்டோம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கடிதங்களை நான் பார்க்கவில்லை. அவற்றிலிருந்து நிறுவனத்தின் சட்டத்தரணிகள் எடுத்த பட்டியல்தான் எங்களுக்கு வந்தது. எதை நீக்குவது, எதை மாற்றுவது, யார் கேட்டது, ஏன் கேட்டார்கள் என்று கட்டம் போட்ட பட்டியல்.

பொறுப்பாளர் அதை என் கணினியில் திறந்துவிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

“அக்கா, உங்கடை பாண் காட்சியும் இருக்குது.”

“ஆர் எடுக்கச் சொன்னது?”

“ரெண்டு பேரும்.”

வாசித்தேன். தாக்கிய நாடு சொன்ன காரணம், எங்கள் படையாட்கள் பெண்களின் உணவுப் பையைக் கிளறுபவர்கள் அல்ல. தாக்கப்பட்ட நாடு சொன்ன காரணம், எதிரிப் படையாளை இரக்கமுள்ளவனாகக் காட்டுவது இந்த நேரத்தில் எங்கள் மக்களின் மனவுறுதியைக் குலைக்கும். பட்டியலில் வேறெதிலும் இரண்டு அரசுகளும் ஒத்துப்போகவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பொறுப்பாளரும் சிரித்தார்.

கோபம் வந்ததா என்று கேட்டால், பெரிதாக வரவில்லை. களைப்புத்தான் வந்தது. இரண்டாவது காரணத்தை என்னால் விளங்கிக்கொள்ளவும் முடிந்தது. எங்கள் தலைக்கு மேல் விமானம் சுற்றிய நாட்களில் யாராவது வந்து, நல்ல ஆமிக்காரனைப் பற்றிய கதை ஒன்று சொல்கிறேன் என்றால் நாங்கள் கேட்டிருப்போமா? சின்னம்மாவின் பாண் கதையை அந்தக் காலத்தில் எங்கள் வீட்டிலேயே சத்தமாகச் சொல்லமாட்டோம். பற்றறி வந்த கதையைச் சொல்வோம். பாணைச் சேர்த்துவைத்த கையைப் பற்றிச் சொல்லமாட்டோம். சொல்லக்கூடாது என்று எங்களிடம் யாரும் வந்து சொன்னதில்லை. எங்களுக்கே தெரிந்திருந்தது.

வடிவமைத்த பெண்மணி விடவில்லை. அன்றே திரையில் வந்தார். கண் சிவந்திருந்தது.

“மற்றதையெல்லாம் வெட்டட்டும். இந்த ஒரு காட்சிக்காக நான் வாதாடப் போகிறேன். இது கற்பனை அல்ல, உண்மையில் நடந்தது என்று நீங்கள் எழுதித் தாருங்கள். உங்கள் சின்னம்மா உயிரோடு இருந்தால் அவரும் ஒரு வரி எழுதட்டும். உண்மை என்றால் சட்டத்தரணிகளால் இலேசில் வெட்ட முடியாது.”

சின்னம்மா உயிரோடுதான் இருக்கிறார். வல்வெட்டித்துறையில், கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, சித்தப்பா காலமான பிறகு தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் அலுவலகத்தில் இருந்தபோது, விதிப்படி செய்யக்கூடாததுதான், அந்தக் காட்சியைக் கைபேசியில் பிடித்துவைத்திருந்தேன். சின்னம்மா கையைக் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“உதென்ன படமோ?”

“கேம் சின்னம்மா. வெளிநாட்டிலை செய்தது. உங்கடை பாண் கதையை நான் சொல்லி, அவை போட்டிருக்கினம்.”

இரண்டு முறை பார்த்தார். அந்தத் தாய் தன்னைவிட மெலிவு என்றார். பாணின் நிறம் சரியில்லை, அந்த நேரம் மா கறுப்பு என்றார். பிறகு கைபேசியை என்னிடம் நீட்டினார்.

“ஆனா பிள்ளை, உப்பிடி நடக்கேல்லையே.”

“ஏன் சின்னம்மா? பிச்சவன், கண்டவன், பிறகு சேத்து வைச்சவன்...”

“பிச்சவன், சரி. பிச்சுப்போட்டு ஒரு துண்டை எடுத்து வாயிலை போட்டவன். அதை விட்டிட்டாய் நீ. பசியிலைதான் பாணைத் தொட்டவன். பற்றறியைக் கண்டவனோ காணேல்லையோ, ஆருக்குத் தெரியும்?”

“உங்களை நிமிந்து பாத்தவனெல்லே?”

“சாப்பிடேக்கை பாத்தவன். நான் ஏதும் சொல்லுவன் எண்டு பயத்திலை பாத்தானோ என்னவோ. சின்னப் பெடியன், கட்டையா மீசை. பின்னாலை நிண்ட பெரியவன் காணாமல் கெதியா விழுங்கினவன். கண்டிருந்தா விட்டிருப்பானோ பிள்ளை? எங்களை இறக்கிப் பிடிச்சு வைச்சிருப்பான்.”

“அப்ப இரக்கப்பட்டு விடேல்லை எண்டுறியளோ?”

சின்னம்மா மீனுக்குத் திரும்பிப் போனார். “இரக்கமோ பசியோ, எனக்கெப்பிடித் தெரியும்? நான் அவன்ரை வயித்துக்குள்ளை இருந்தனானே? நாங்கள் வந்து சேந்திட்டம். அது போதும் எனக்கு.”

நடந்தது என்று ஒரு வரி எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். ஆருக்கு என்றார். வெளிநாட்டுச் சட்டத்தரணிகளுக்கு என்றேன். சின்னம்மா கத்தியைக் கீழே வைத்தார். “வேண்டாம். என்ரை பேரிலை ஒரு கடிதமும் ஒரு இடத்துக்கும் போகக்கூடாது. அந்த நேரமும் போகேல்லை, இப்பவும் வேண்டாம்.” அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மீன்குழம்போடு சாப்பிட்டுவிட்டுப் பின்னேர பஸ்ஸில் திரும்பினேன்.

பஸ்ஸில் வரும்போது அந்த ஆமிக்காரனின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். சின்னம்மா சொன்ன மீசை எனக்கு நினைவில்லை. நான் சொன்ன கைதான் நினைவில் இருந்தது. நான் சின்னம்மாவுக்குப் பின்னால் நின்றவள். அவருடைய முதுகு மறைத்தது போக மிச்சத்தைத்தான் பார்த்திருப்பேன். மற்றதை யார் போட்டு நிரப்பியது? முப்பது வருடமாக எனக்கு ஒரு நல்லவன் தேவைப்பட்டிருக்கிறான் போல. எந்த வருடத்தில் அவனைச் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பெண்மணிக்கு எழுதினேன். உண்மை என்று எழுத முடியவில்லை. சின்னம்மா சொன்னதையும் நான் சொன்னதையும் இரண்டையும் எழுதினேன். அவன் ஏன் விட்டான் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும், காட்சியை அப்படியே விட முடிந்தால் விடுங்கள் என்று முடித்தேன்.

அவர் மகிழ்ந்துபோனார். இது முந்தியதைவிட நல்லது, அவன் ஒரு துண்டைத் தின்னட்டும், அப்போது யாரும் இரக்கம் என்று குறைசொல்ல முடியாது என்றார். இரண்டு நாள் இருந்து அவனைத் தின்னவைத்து ஒரு மாதிரியும் செய்து அனுப்பினார். பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது, மீசை உட்பட. சட்டத்தரணிகள் அதையும் பார்த்தார்கள். பட்டினி கிடக்கும் படை என்று காட்டினால் முதல் அரசுக்கு இன்னும் கோபம் வரும், படையாளின் பசியைக் காட்டினால் இரண்டாவது அரசுக்கு அதுவும் அனுதாபம்தான் என்றார்கள். நாட்டுக்கு நாடு வேறு வேறு பதிப்பு வைத்திருப்பது தொல்லை என்பதால், உலகம் முழுக்க அந்தக் காட்சியை எடுப்பது என்று முடிவானது.

எடுத்துவிட்டார்களா என்று சரிபார்க்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. பொறுப்பாளர் என் மேசைக்கு வந்தார்.

“வேறை ஆளிட்டைக் குடுக்கட்டோ அக்கா?”

“ஏன்? நான்தானே முதலும் பாத்தனான். தாங்கோ.”

புதிய பதிப்பைத் திறந்து, அந்தப் பகுதிவரை விளையாடினேன். சோதனைச் சாவடி இருந்தது. மண்மூட்டைகள் இருந்தன. படையாள் இல்லை. வரிசை வந்தது. வரிசையில் வந்த ஒவ்வொருவரும் அவன் நின்ற இடத்துக்கு முன்னால் நின்றார்கள். பையை முன்னால் நீட்டினார்கள். கொஞ்ச நேரம் அப்படியே பொறுத்திருந்தார்கள். பிறகு பையைக் கீழே இறக்கிவிட்டு நடந்தார்கள். ஆளை எடுத்தவர்கள், நிற்கும்படி சனத்துக்கு எழுதியிருந்த கட்டளையை எடுக்க மறந்துவிட்டார்கள். தாயும் நின்றாள். வெற்று இடத்தைப் பார்த்துப் பையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

வரிசையில் மொத்தம் இருபத்திரண்டு பேர். கடைசி ஆள் போகும்வரை பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் இருந்த பிள்ளை என்ன அக்கா என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அது பிழை. எழுத வேண்டியது என் வேலை. நான் எழுதவில்லை. “நீக்கப்பட்டுள்ளது. சரி.” என்று பதிந்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். ஏன் என்று கேட்டால் பெரிய எதிர்ப்பு எதுவுமில்லை. அந்தச் சனம் நிற்பதை நானே எழுதி நிறுத்துவதற்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

நாலு நாளில் வேறொரு நாட்டில் இருந்த இன்னொரு சோதிப்பவர் அதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார். பொறுப்பாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

“அக்கா, வரிசை நிக்கிறதை நீங்கள் காணேல்லையோ?”

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

“கண்டனான் தம்பி.”

அவர் பேனையை உருட்டிக்கொண்டிருந்தார். அவருடைய தகப்பனையும் ஒரு சாவடியில் இறக்கிப் பிடித்து வைத்தவர்கள்தான். அவர் திரும்பி வரவில்லை. அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. அன்றும் கதைக்கவில்லை.

“நான் தவறிப்போச்செண்டு எழுதிவிடுறன்,” என்றார். “ஆனா இனி உப்பிடிச் செய்யாதேங்கோ அக்கா. பதினொரு பேற்றை வேலை இதிலை தங்கியிருக்கு.”

“ஓம் தம்பி. செய்யமாட்டன்.”

செய்யவும் இல்லை. திருத்திய பதிப்பு வந்தபோது நானே கேட்டு வாங்கிச் சரிபார்த்தேன். சனம் நிற்காமல் நேராக நடந்துபோனது. தாய் பாணோடு நடந்துபோனாள். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. போர் நடக்கிற ஊரில் சாவடியைத் தாண்டி அப்படி யாரும் நடக்கமாட்டார்கள். ஆனால் அது பிழைப் பட்டியலில் வராது. சரி என்று பதிந்தேன்.

இவ்வளவும் செய்து, அந்த இரண்டு நாடுகளில் ஒன்றிலாவது விளையாட்டு தொடர்ந்து விற்பனையில் இருந்ததா என்றால், இல்லை. இரண்டு மாதத்தில் தாக்கிய நாடு, வெட்டியது போதாது என்று முழு விளையாட்டையும் தடுத்தது. தாக்கப்பட்ட நாட்டில் கடைகள் தாங்களாகவே எடுத்துவிட்டன. மின்சாரமே ஒழுங்காக இல்லாத இடத்தில் அதை யார் விளையாடுவது? வெட்டிய பதிப்பு மற்ற எல்லா நாடுகளிலும் மிஞ்சியது. வடிவமைத்த பெண்மணி நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார். போகுமுன் எனக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினார். அதில் மன்னிப்புக் கேட்டிருந்தார். எதற்கென்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் பொறுப்பாளரிடம் கேட்டேன். “தம்பி, இப்பதான் ரெண்டு இடத்திலையும் விக்கேல்லையே. அந்தக் காட்சியைத் திருப்பிப் போடலாமெல்லே?”

“கேட்டுப் பாத்தனான் அக்கா,” என்றார். அவர் கேட்டிருந்தது எனக்கு அதுவரை தெரியாது. “வேண்டாமெண்டு சொல்லேல்லை. அதைத் திருப்பிச் சேக்கிறதுக்கு ஆள் போடவேணுமாம், சோதிக்கவேணுமாம். இப்ப எல்லாரும் வேறை கேமிலை நிக்கினமாம்.”

சின்னம்மாவுக்கு அடுத்த முறை போனபோது சொன்னேன், அதை எடுத்துவிட்டார்கள் என்று. எதை என்று கேட்டார். பாணை என்றேன். அவருக்கு அது பெரிய விசயமாக இல்லை. சித்தப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தார். நானும் கொப்பி ஒன்றை எடுத்து அவர் சொன்ன பெயர்களை எழுதத் தொடங்கினேன்.

இப்போது எனக்குத் தந்திருப்பது ஒரு சீட்டு விளையாட்டு. சீட்டு திரும்பும்போது சரியாகத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு தடவை திருப்புகிறேன். அதில் யாரும் ஆட்சேபிப்பதற்கு ஒன்றுமில்லை. நேற்று மத்தியானம் அலுவலகத்துக்கு மின்சாரம் நின்றது. நாங்கள் எல்லோரும் கீழே இறங்கி, மருந்துக்கடை நிழலில் நின்று, பல்கலைக்கழகப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பொறுப்பாளர் எல்லோருக்கும் தேநீர் வாங்கி வந்தார். யாருக்கும் திரும்ப மேலே ஏற மனமிருக்கவில்லை. மின்சாரம் வந்ததும் ஏறினோம்.